பிறப்புரிமையும் பயிர்க்காவலும்: ஆனேக்கல் எல்லைப்புறத்தை முன்வைத்துத் துப்பாக்கி உரிமச் சட்டத்தின் வரலாறு

துப்பாக்கி வைத்திருப்போர் அரசிடம் உரிமம் பெற்றாக வேண்டும் என்னும் விதி இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்து வருகிறது. உரிமம் என்னும் ஏற்பாடே குடிமக்களின் உரிமைக்கு எதிரானதா என்பது அமெரிக்காவில் இன்றளவும் ஓயாத விவாதம். இந்தியாவிலோ விவாதம் வேறு தடத்தில் நடந்துள்ளது. உரிமம் வேண்டுமா, வேண்டாவா என்பதைக் காட்டிலும், உரிமம் இல்லாமலேயே யாரை அரசு நம்புகிறது, யாரை உரிமம் கேட்டு வாயிலில் நிற்கவைக்கிறது என்பதே இங்கு உண்மையான சிக்கலாக இருந்துள்ளது. கர்நாடக மாநிலத்திற்குள்ளேயே இச்சிக்கலின் இருமுனைகளையும் காணமுடிகிறது. ஒருமுனையில் குடகு, அங்கே குறிப்பிட்ட மரபில் பிறந்தோருக்கு உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. மறுமுனையில் ஆனேக்கல், அங்கே காட்டு விலங்கிடமிருந்து பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்கும் உழவருக்குச் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மற்றொரு கையால் நிறுத்தி வைத்திருக்கிறது. இவ்விரு நிலைகளும் எவ்வாறு உருவாயின என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆனேக்கல் வட்டம் பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்பகுதியில், தமிழ்நாட்டின் ஓசூர், தளிப் பகுதிகளை ஒட்டி அமைந்துள்ளது. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழியும் வழங்கும் நிலம் இது. லூயி ரைஸ் தொகுத்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியில் இவ்வட்டத்துக் கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன; அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன என்பதைத் தமிழ் ஆய்வாளர்கள் நன்கறிவர். ஊர்ப்பெயரைத் தமிழர் ‘யானைக்கல்’ என்று பொருள் கொள்வதுண்டு. ரைஸ் தரும் விளக்கமோ ஆலங்கட்டி என்பதாகும். கன்னடத்தில் ஆலங்கட்டியைக் குறிக்கும் ‘ஆணெக்கல்லு’ என்னும் சொல்லை அவர் கருதியிருக்க வேண்டும். எப்பொருள் கொண்டாலும் பயிருக்குப் பகையான ஒன்றின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது.

இன்று ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளாலும் மின்னணு நகரத்தின் நெருக்கத்தாலும் அறியப்படும் இவ்வட்டத்தின் மேற்கு, தென்மேற்கு விளிம்பில் பன்னேருகட்டா தேசியப் பூங்காவின் காடு தொடங்குகிறது. சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காடு தெற்கே தமிழ்நாட்டின் ஓசூர் வனக்கோட்டத்தோடும், அதன்வழிக் காவிரிக் கரைக் காடுகளோடும் தொடர்புடையது. யானைகளுக்கு மாநில எல்லை இல்லை. ஆடி, ஆவணியில் வளர்ந்து கார்த்திகை, மார்கழியில் அறுவடைக்கு வரும் கேழ்வரகின் மணம் அவற்றைக் காட்டு விளிம்பிற்கு இழுத்து வருகிறது. யானை ஆண்டில் சில மாதங்கள் வரும் விருந்தாளி. காட்டுப்பன்றியோ ஆண்டு முழுதும் உடனுறையும் பகை.

பயிர்க்காவலும் படைக்கலமும்

பயிர்க்காவல் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. குறிஞ்சித் திணையின் வாழ்வே தினைப்புனக் காவலைச் சுற்றிச் சுழல்கிறது. கிளியோட்டும் தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. மலைபடுகடாம் இன்னும் கடுமையான காட்சியைக் காட்டுகிறது. விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி அது நுழையும் வழிதோறும் வைத்த கற்பொறிகளையும், யானையை விரட்டப் புனங்காவலர் வீசும் கவண்கல்லையும் சொல்லி, அவ்வழிச் செல்லும் கூத்தரை எச்சரிக்கையோடு செல்லுமாறு அந்நூல் அறிவுறுத்துகிறது. காவல் கருவி காவலுக்கு மட்டுமே பயன்படுவதன்று, வழிப்போக்கர் உயிருக்கும் அது ஊறு செய்யக்கூடும் என்னும் உணர்வு அன்றே இருந்தமை இதனால் விளங்கும். பன்றியோடு பொருது இறந்தோர்க்கு எடுத்த நடுகற்களும் புலிகுத்திக் கற்களும் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகளில் கிடைத்துள்ளன. விலங்கோடு போரிட்டு மாய்ந்தவனை ஊர் தன் வீரனாகவே கொண்டது. அக்காலத்தில் கவணுக்கோ வேலுக்கோ யாரும் உரிமம் கேட்டதில்லை. வெடிமருந்து வந்த பின்னரே, அதுவும் வெடிமருந்தைத் தன் தனியுடைமையாகக் கருதிய பேரரசு ஒன்று வந்த பின்னரே, உரிமம் என்னும் கருத்து இம்மண்ணில் காலூன்றியது.

‘துப்பாக்கி’ என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் ‘துப்பாக்கி’ உணவாக்கி என்னும் பொருளுடைய தூய தமிழ் வினையெச்சம். இரண்டையும் இணைத்துப் பேசுவது மேடை நகைச்சுவைக்கே ஏற்றது. கன்னடத்தில் கோவி என்றும், குடகு மொழியிலும் மலையாளத்திலும் தோக்கு என்றும் வழங்கும் இக்கருவி, தென்னிந்தியச் சிற்றூர்களில் பெரும்பாலும் குழல்வாய் வழியே கரிமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியாகவே இருந்தது. இவ்வேறுபாடு பின்னர்ச் சட்டத்திலும் இடம்பெறுவதால் ஈண்டு சுட்டப்படுகிறது.

ஆனேக்கல்லின் வரலாறும் ஆயுதந்தாங்கிய குடிகளின் வரலாறே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திம்மே கௌடர் என்னும் பாளையக்காரர் இங்குக் கோட்டையும் ஏரியும் அமைத்தார் என்று ரைஸின் விவரத் தொகுப்பு கூறுகிறது. பாளையம் என்பதே நிலமும் படைக்கடமையும் ஒன்றாய்ப் பிணைந்த அமைப்பு. நிலத்தை அனுபவிப்பவன் அழைக்கும்போது ஆயுதத்தோடு வரவேண்டும்; ஆயுதம் வைத்திருப்பது அவனது உரிமை என்பதைவிடக் கடமை எனலே பொருந்தும். ஐதர் அலி காலத்தில் மைசூர் அரசு விரிந்தபோது ஆனேக்கல் பாளையம் அதனுள் அடங்கியது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் மைசூரில் கந்தாசாரம் எனப்பட்ட ஊர்க்காவல் படை மட்டும் சிறிது காலம் எஞ்சி நின்றது. ஆனேக்கல்லைத் தொட்டுக் கிடக்கும் ஓசூர்ப் பகுதி கும்பினியின் நேரடி ஆட்சிக்குச் சென்று சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது.

ஆயுதப் பறிப்பு 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னரே தொடங்கியது என்று பொதுவாக எழுதப்படுகிறது. தமிழகத்தைப் பொறுத்தவரை இது பொருந்தாது. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின், பானர்மன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிறப்பித்த அறிவிக்கை தென்பாளையங்களில் ஆயுதப் பயன்பாட்டையே ஒழித்தது. இவ்வாணைகளைக் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றில் காணலாம். வட இந்தியா அரை நூற்றாண்டு கழித்துக் கண்டதைத் தெற்கு முன்னரே கண்டுவிட்டது.

கப்பனின் அறிவிக்கை

1834ஆம் ஆண்டு குடகு ஆங்கிலேயர் வசமானது. அதே ஆண்டில் மைசூரின் ஆணையராக மார்க் கப்பன் பொறுப்பேற்றார். 1861 வரை பெங்களூரில் இருந்துகொண்டு மைசூர், குடகு ஆகிய இரு நாடுகளையும் அவரே ஆண்டார். ஆனேக்கல் உழவரும் குடகு நிலக்கிழாரும் ஒரே அதிகாரியின் கீழ் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

1837இல் குடகிலும் அதனையொட்டிய சுள்ளியப் பகுதியிலும் ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சி ஒன்று மூண்டது. அதனை அடக்குவதில் கொடவர் பலர் ஆங்கிலேயர் பக்கம் நின்றனர். அவர்களுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. அவ்வெழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான குட்டெமனெ அப்பய்ய கௌடர் அதே ஆண்டு மடிகேரியில் தூக்கிலிடப்பட்டார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலும் குடகு அமைதியாக இருந்தது. கிளர்ச்சிக்குப் பின் வந்த ஆயுதப் பறிப்புச் சட்டம் 1860இல் விரிவாக்கப்பட்டபோது, கப்பன் தாம் பதவி நீங்கும் தறுவாயில், 1861 பிப்ரவரியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். குடகு மக்களின் வீரத்தையும் விசுவாசத்தையும் பாராட்டி, அச்சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம். இரண்டு மாதங்களில் தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியில் சூயசில் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற அவ்விலக்கு இன்றும் வாழ்கிறது.

இவ்விலக்கு இரு வகையினரைச் சுட்டியது. ஒன்று, குடகு இனத்தவர். மற்றொன்று, ஜம்மா நிலவுடைமையாளர். ஜம்மா என்பது வழிவழியாக வரும் நிலவுரிமை. சாதாரண நிலத்தின் தீர்வையில் பாதியளவே அதற்கு விதிக்கப்பட்டது. ஈடாகப் படைப்பணி செய்யும் கடமை உடையவராக அந்நிலத்தார் கருதப்பட்டனர். கொடவர் அல்லாத கௌடர் முதலியோரும் ஜம்மா நிலம் வைத்திருந்தனர். ஆகவே ஒரே அறிவிக்கையில் பிறப்பு, நிலம் என்னும் இருவேறு அளவுகோல்கள் கலந்து நிற்கின்றன. இக்கலப்பு தற்செயலானதன்று. நிலமும் படைக்கடமையும் பிணைந்த பழைய தென்னிந்திய முறையைக் குடகில் ஆங்கிலேயர் கட்டிக்காத்தனர். ஆனேக்கல்லிலும் ஓசூரிலும் தென்பாண்டிச் சீமையிலும் அதே முறையை அவர்கள் அறுத்தெறிந்தனர். இவ்விரு நிலத்து மக்களின் இயல்பு இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று. ஆங்கிலேயரை எதிர்த்த பாளையங்கள் ஆயுதம் இழந்தன. துணைநின்றோர் ஆயுதத்தைக் காத்துக்கொண்டனர். ‘வீர மரபு’ என்று பின்னாளில் பெயரிடப்பட்டது தொடக்கத்தில் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசே எனலாம்.

கொடவர் வாழ்வில் துப்பாக்கிக்குள்ள இடத்தை இக்கூற்று குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. ஆவணியில் வரும் கயில் போள்து விழாவில் அவர்கள் படைக்கலங்களுக்கு மலர் சூட்டி வழிபடுகின்றனர். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடியும், இறப்பு நேர்ந்தால் இரு வெடியும் ஊருக்குச் செய்தி சொல்கின்றன. சடங்கில் தோய்ந்த கருவியைப் பறிப்பது எளிதன்று. பறிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. வினா அதுவன்று. ஒருவருக்கு மரபின் பெயரால் தரப்பட்ட நம்பிக்கை, தேவையின் பெயரால் மற்றவருக்கு ஏன் தரப்படவில்லை என்பதே வினா.

உரிமையா, சலுகையா

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிம முறையை நாடு முழுமைக்கும் நிலைநிறுத்தியது. ஐரோப்பியர் உள்ளிட்ட சில வகையினர் அதிலிருந்து விலக்குப் பெற்றனர். இந்தியர் பெரும்பாலோர் உரிமம் கேட்டு நின்றனர். அக்காலத்துக் கண்டனங்கள் துப்பாக்கி கிடைக்கவில்லை என்பதைக் காட்டிலும் இப்பாகுபாட்டின் இழிவையே பெரிதும் பேசின. 1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மக்களின் விசுவாசத்தின் மீது இச்சட்டம் மாசு கற்பிக்கிறது என்பது அத்தீர்மானத்தின் ஒரு வாதம். அதே விசுவாசம் என்னும் சொல்லே குடகுக்கு விலக்கைப் பெற்றுத் தந்தது என்பது நினைக்கத்தக்கது. 1920ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையான இனப்பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கின. குடகின் பெயர் மட்டும் விலக்குப் பட்டியலில் நிலைத்தது.

அகிம்சையைத் தம் அறமாகக் கொண்ட காந்தியடிகள் இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1930 சனவரியில் அவர் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. அவர் உரிமத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. உரிமம் வழங்கும் கை யாருடையதாக இருக்கவேண்டும் என்றே கேட்டார். 1928ஆம் ஆண்டு நேரு அறிக்கையும் 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானமும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளோடு சேர்த்தெண்ணின.

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. தனியொருவர் ஆயுதம் தாங்கும் உரிமையைவிட, நாட்டுக்காக ஆயுதம் தாங்கும் கடமையே வலியுறுத்தப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. கொள்ளையரும் அவ்வுரிமையைக் கோரக்கூடும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். திருத்தம் தோற்றது. இன்று அரசியல் சட்டம் ஆயுதத்தைக் குடிமகனோடு தொடர்புபடுத்திப் பேசும் இடங்கள் இரண்டு. 19ஆம் உறுப்பு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. 25ஆம் உறுப்பின் விளக்கம் சீக்கியர் கிர்பான் அணிவதை அவர்தம் சமய ஒழுக்கத்தில் சேர்க்கிறது. இந்தியாவில் ஆயுதம் தாங்குவது அடிப்படை உரிமையன்று என்பதை, அமெரிக்க நிலையோடு வேறுபடுத்தி, உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் மீண்டும் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவிலோ அதற்கு முந்திய ஆண்டில், 2022 ஜூனில், கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல விரும்புவோர் தனிக்காரணம் காட்டவேண்டும் என்னும் நியூயார்க் மாநிலத்தின் நூற்றாண்டுப் பழமையான உரிம விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. காரணம் கேட்பதே தவறு என்று அங்கே முடிவாயிற்று. இங்கே காரணமே உரிமத்தின் உயிர்.

இப்பின்புலத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. பதின்மூன்றாம் பிரிவு உரிமம் வழங்கும் முறையைக் கூறுகிறது. பிற வகைத் துப்பாக்கிகளுக்கு விண்ணப்பிப்பவர் தக்க காரணம் உண்டென்று உரிமம் வழங்கும் அதிகாரியை நிறைவடையச் செய்யவேண்டும். ஆனால் சில வகைகளுக்குச் சட்டம் தனி இடம் தருகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, வரியிழைக்கப்படாத துப்பாக்கியைக் கேட்கும் குடிமகன் ஒருவகை. உண்மையாகவே பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைக் கேட்கும் குடிமகன் மற்றொரு வகை. இவர்களுக்கு, மறுப்பதற்குரிய காரணம் இல்லாதவிடத்து, உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் சொல்லமைப்பு. நாட்டுத் துப்பாக்கி பயிர்க்காவலுக்குப் போதாது என்று கண்டால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்று ஒரு காப்புரையும் உண்டு.

இந்தியச் சட்ட வரலாற்றில் இவ்வரிகளுக்குரிய கவனம் கிடைக்கவில்லை. பிறப்பையோ பதவியையோ தீர்வையையோ பாராமல், வயலில் நிற்கும் பயிரை மட்டும் பார்த்து உழவனுக்கு ஏறத்தாழ ஓர் உரிமையையே வழங்கும் இடம் இது. கப்பனின் அறிவிக்கைக்கு நேரெதிரான நம்பிக்கை இதில் உள்ளது. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவோ, பொதுநலன் கருதி எவ்வகையினரையும் விலக்கும் அதிகாரத்தை மைய அரசுக்கு அளித்தது. அவ்வழியே குடகின் பழைய விலக்கு குடியரசு இந்தியாவுக்குள்ளும் வந்து சேர்ந்தது. தேவையும் பிறப்பும் ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்துக் குடியேறின.

பத்துக் கிலோமீட்டர்

பதின்மூன்றாம் பிரிவு தந்த வழியை ஆனேக்கல்லில் குறுக்கியது வேறொரு சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுதம் வைத்திருப்போர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அப்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அப்பத்துக் கிலோமீட்டருக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு இன்றிப் புதிய ஆயுத உரிமம் எதுவும் வழங்கக்கூடாது என்கிறது. 35ஆம் பிரிவின் வழி இவ்விதி தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். பன்னேருகட்டா தேசியப் பூங்கா 1974இல் அமைந்தது. அதன் எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளந்தால், யானையும் பன்றியும் புகும் ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூர்கள் அவ்வளையத்துக்குள் அகப்படுகின்றன.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். காட்டு விலங்கால் பயிரிழப்பு நேர்வது காட்டு விளிம்பில்தான். பயிர்க்காவல் உரிமம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் வாழுமிடமும் அதுவே. அவ்விடத்திலேயே அவ்வுரிமத்துக்கு இரண்டாவது பூட்டுப் போடப்பட்டுள்ளது. காட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பன்றியையே காணாத ஊரில் வாழ்பவர் மாவட்ட அதிகாரியின் இசைவு ஒன்றோடு துப்பாக்கி பெறலாம். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் இரு துறைகளின் வாயிலிலும் நிற்க வேண்டும்.

இப்பூட்டைக் காரணமின்றிப் போட்டதாகச் சொல்லவியலாது. நாட்டுத் துப்பாக்கி வயலைக் காத்ததைப் போலவே காட்டையும் சூறையாடியது. தந்த வேட்டையின் கொடிய ஆண்டுகளைக் காவிரியின் இருகரைக் காடுகளும் கண்டுள்ளன. யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம். வயலில் நின்றாலும் அதனைச் சுடுவது குற்றம். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு மட்டும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பயிரைக் காப்பதற்கு அவ்விலக்கு இல்லை. ஆகவே ஆனேக்கல் உழவரின் கையில் உரிமத்தோடு துப்பாக்கி இருந்தாலும், யானையைப் பொறுத்தவரை அது வெறும் வெடியோசைக் கருவியே. தட்டையும் பறையும் செய்த வேலையைத்தான் அது செய்கிறது. பன்றியைப் பொறுத்தவரை நிலை சற்று வேறு. அனுமதி பெற்றுச் சுட வழியுண்டு. அனுமதி யாரிடம், எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பதே சிக்கல். கேரள அரசு 2022இல் அவ்வனுமதி வழங்கும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் முதலியோரிடம் ஒப்படைத்தது. அங்கேயும் சுடுவதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கியும் அதனைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டியிருந்தது. அனுமதியைப் பரவலாக்கியபின் உரிமமே அடுத்த தடையாய் நிற்பதை இது காட்டுகிறது.

உரிமத்தை இறுக்கினால் வன்முறை குறையும் என்னும் எதிர்பார்ப்பும் முழுதும் நிறைவேறவில்லை. துப்பாக்கி இல்லாத வயலில் சுருக்குக் கம்பியும் நாட்டு வெடியும் திருட்டு மின்வேலியும் புகுந்துள்ளன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. துப்பாக்கிக்கு வைத்திருப்பவர் பெயர் உண்டு, எண் உண்டு, பதிவேடு உண்டு. மின்கம்பிக்கு இவை எதுவும் இல்லை. இரவில் அக்கம்பியைத் தொடுவது யானையா, பன்றியா, நீர் பாய்ச்ச வந்த பக்கத்து நிலத்துக்காரரா என்பதை அது பிரித்தறிவதுமில்லை. பதிவேட்டுக்குள் வரும் ஆபத்தைவிடப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் ஆபத்து பெரிது என்பதை உரிமம் மறுப்போர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு

குடகு விலக்கின் இன்றைய வடிவம் மைய உள்துறை 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் உள்ளது. குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலவுடைமையாளருக்கும் 2029 அக்டோபர் வரை பத்தாண்டுக்கு விலக்கு நீட்டிக்கப்பட்டது. பிறப்பையும் மூதாதையர் நிலத்தையும் அடிப்படையாகக் கொண்ட இவ்விலக்கு சமத்துவத்துக்கு மாறானது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று தொடரப்பட்டது. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. இம்மக்கள் போர் மரபினர், விடுதலைக்கு முன்பிருந்தே இவ்விலக்கைத் துய்த்து வருவோர், விலக்கும் காலவரையறைக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது என்பன தீர்ப்பின் முதன்மைக் காரணங்கள்.

நீண்ட நாள் வழக்கத்தைச் சட்டம் மதிப்பது இயல்பே. ஆயினும் வழக்கத்தின் தோற்றுவாயை நோக்கும்போது ஒரு நெருடல் எழுகிறது. ‘போர் மரபு’ என்னும் வகைப்பாடே குடியேற்ற ஆட்சியின் படைத்துறை வளர்த்தெடுத்தது. அதன் மறுபக்கம் 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம். ஒரு கூட்டம் பிறப்பால் நம்பத்தக்கது என்றும், மற்றொரு கூட்டம் பிறப்பால் ஐயத்துக்குரியது என்றும் கொண்ட ஒரே மனப்பாங்கின் இருமுகங்கள் அவை. தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கியையே தம் அடையாளமாகக் கொண்டிருந்த நரிக்குறவர், 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேட்டைத் தொழிலை இழந்தனர். அவர்களுடைய மரபு எந்த விலக்கையும் பெற்றுத் தரவில்லை. பழங்குடிப் பட்டியலில் இடம்பெறவே அவர்கள் 2023 சனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் விடுதலைக்குப் பின் ஒழிக்கப்பட்டது. அதன் இரட்டைப்பிள்ளையான வகைப்பாடு மட்டும் தீர்ப்புகளின் மொழியில் இன்னும் உலவுகிறது.

இதற்கு மாற்றாகக் குடகின் விலக்கை நீக்குவதை முன்மொழிவது எளிது. அதனால் ஆனேக்கல் உழவருக்கு ஒரு பயனும் விளையாது. இருக்கும் நம்பிக்கை ஒன்று குறையுமே அன்றி இல்லாத நம்பிக்கை ஒன்று பிறவாது. கருதவேண்டியது வேறு. நீண்ட காலமாக உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கும் சமூகம் ஒன்று இம்மாநிலத்தில் ஒழுங்கோடு வாழ்ந்து வருகிறது என்பது, வழக்கில் விலக்குக்கு ஆதரவாகக் கூறப்பட்ட செய்தி. அது உண்மையெனில், ஒழுங்குக்குக் காரணம் குருதியா, அல்லது துப்பாக்கியைச் சடங்காலும் ஊர்க் கட்டுப்பாட்டாலும் பொறுப்போடு கையாளும் பழக்கமா என்று கேட்க வேண்டும். பழக்கம் எனின் அது கற்பிக்கத்தக்கது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் விண்ணப்பிப்போருக்கு ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியையும் பாதுகாப்பாக வைத்திருக்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்துவதும் இதே கருத்தின் அடிப்படையிலேயே.

34ஆம் பிரிவின் சொற்களையும் மீண்டும் நோக்க வேண்டும். பதிவு செய்யும் கடமையை அது உரிமம் உடையவருக்கு மட்டும் விதிக்கவில்லை. உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவருக்கும் விதிக்கிறது. நாகரகொளெ தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் கொடவரும் அதற்கு உட்பட்டவரே. காட்டு விளிம்பில் பிறப்பு வேறுபாடு பாராமல் துப்பாக்கியை மட்டும் பார்க்கும் விதியும் இச்சட்டத்திலேயே உண்டு. வேறுபாடு அதன்பின் தொடங்குகிறது. பதிவோடு கொடவரின் கடமை நிறைவுறுகிறது. ஆனேக்கல் உழவருக்கோ பதிவுக்கு முன் இசைவு வேண்டும். அவ்விசைவை எத்தனை நாளுக்குள் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டுமா என்பது பற்றி அவ்வுட்பிரிவு ஒன்றும் கூறவில்லை. ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் மறுக்கும் அதிகாரி பொதுவாகக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடும் உண்டு. வனத்துறையின் மௌனத்துக்கு மேல்முறையீடு இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. இவ்விடைவெளியை அது தொடவே இல்லை.